ஸ்பானிய வினையின் இறந்தகாலம்

பற்றுச்சீட்டு ஒன்றிலே, தொகைக்கு முன்னர், ‘பாகொ’ என்னும் ஸ்பானியச் சொல் எழுதப்பட்டிருப்பின் அதற்குச் ‘செலுத்துகின்றேன்’ என்பது பொருள். அச்சொல்லின் ஈற்றுயிரின் தலைமேல் வலப்புறமாகச் சாய்ந்த சிறு கோடொன்று இடப்பட்டிருப்பின் அது ‘பகோ’ என ஒலிக்கும். ‘அவர் செலுத்தினார்’ என்பது அதன் பொருள். எழுத்துக்கள் நான்கும் அவையே. அவற்றின் வரிசையும் அதுவே. கோடு இருந்தாற் பணம் கைமாறியாயிற்று. இல்லையேற் கைமாறியதற்குச் சான்று இல்லை. அதுமட்டுமன்று, செலுத்துபவர் யார் என்பதும் அக்கோட்டினாலே மாறிவிடுகின்றது. கையொப்பத்தைக் குறிக்கும் வினையும் இத்தன்மையதே. ‘பீர்மொ’ என்றாற் கையொப்பமிடுகின்றேன். ‘பிர்மோ’ என்றாற் கையொப்பமிட்டார். கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையே வழக்கு மூளுமாயின் இந்தச் சிறு கோட்டின் பெறுமதி எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏறத்தாழ ஐம்பது கோடி மக்கள் தாய்மொழியாகப் பேசும் மொழி ஸ்பானியம். ஸ்பெயின், மெக்சிக்கோ, கொலம்பியா, ஆர்ஜென்ரீனா முதலாக 20 நாடுகளில் அஃது அரசமொழியாக வழங்குகின்றது. அம்மொழியைக் கற்கத் தொடங்குவோர் முதலாண்டிலேயே எதிர்ப்படும் பெருவாயில் இறந்தகால வினைத்திரிபு. நிகழ்காலத்தை ஒருவாறு பேசிப் பழகியவர்கள் இவ்விடத்தே தடுமாறி நிற்பதைக் காணலாம். தடுமாற்றத்துக்குக் காரணம் விகுதிகளின் தொகையன்று. அவை ஒரு கூட்டத்துக்கு ஆறே ஆறு. அழுத்தம் விழும் இடமே காரணம்.

தமிழிலே சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறுவதில்லை. குறில் நெடில் வேறுபாடே பொருளை மாற்றும். கல் வேறு, கால் வேறு. ஸ்பானியத்திலோ குறில் நெடில் என்னும் பாகுபாடு இல்லை. அழுத்தமே பொருளை வேறுபடுத்தும். ஆதலின் தமிழ்ச் செவிக்கு விளங்கும்பொருட்டு, அழுத்தம் பெறும் உயிரை நெடிலாகவும் ஏனையவற்றைக் குறிலாகவும் இங்கே ஒலித்துக் காட்டுதல் பொருந்தும். ‘பாகொ’ என்பதிலே அழுத்தம் முதலசையில். ‘பகோ’ என்பதிலே ஈற்றசையில்.

ஸ்பானிய வினைகள் மூன்று கூட்டங்களாக வகுக்கப்படும். வினையின் பெயர்வடிவம், அதாவது தமிழிற் செய்தல், நடத்தல் என்பன போன்ற வடிவம், ‘ஆர்’ என முடிவன முதற்கூட்டம். ‘ஏர்’ என முடிவன இரண்டாவது. ‘ஈர்’ என முடிவன மூன்றாவது. இலக்கண நூல்களில் இவற்றுக்கு மாதிரியாகப் பெரிதும் எடுத்தாளப்படுவன ‘அமார்’, ‘தெமேர்’, ‘பர்தீர்’ என்னும் மூன்று வினைகள். அன்பு செய்தல், அஞ்சுதல், பிரிந்து செல்லுதல் என்பன அவற்றின் பொருள்கள். வாய்பாட்டுக்கென்று தெரிந்தெடுத்த மூன்று சொற்களுக்குள்ளே ஒரு முழு நாடகமே அடங்கிவிட்டது! வேண்டுமென்றே அவ்வாறு தெரிந்தெடுத்தனர் என்று கொள்ளவேண்டியதில்லை. அவை விகாரம் எதுவுமின்றி ஒழுங்காகத் திரிவன என்பதே அவற்றின் தகுதி.

‘அமார்’ என்பதன் இறந்தகால வடிவங்கள் வருமாறு. அமே, அன்பு செய்தேன். அமாஸ்தெ, அன்பு செய்தாய். அமோ, அன்பு செய்தான் அல்லது செய்தாள். அமாமொஸ், அன்பு செய்தோம். அமாஸ்தெய்ஸ், நீங்கள் அன்பு செய்தீர்கள். அமாரொன், அன்பு செய்தார்கள். வாய்விட்டு இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்ப்போருக்கு ஓர் உண்மை புலனாகும். ஆறு வடிவங்களிலும் ‘அம்’ என்னும் பகுதி ஒருமுறையேனும் அழுத்தம் பெறவில்லை. அழுத்தம் எப்பொழுதும் விகுதியின் மேலேயே விழுகின்றது. நிகழ்காலத்திலோ ஆமொ, ஆமஸ், ஆம, ஆமன் எனப் பெரும்பாலும் பகுதியே அழுத்தம் பெறுகின்றது. இதனை நெஞ்சிற் பதித்துக்கொண்டவருக்கு ‘ஆமொ’ என்பதும் ‘அமோ’ என்பதும் பின்னர் மயங்குவதில்லை.

தமிழ் மாணாக்கருக்கு இங்கே ஒரு வசதியும் உண்டு, ஓர் இடரும் உண்டு. வசதி யாதெனில், ஸ்பானியத்திலும் தமிழிற்போலவே எழுவாயைச் சொல்லாமல் விட்டுவிடலாம். ‘வந்தேன்’ என்றால் வந்தவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. ‘அமே’ என்றாலும் அவ்வாறே. ஆங்கிலம் வாயிலாகப் பிறமொழி கற்கும் பழக்கமுடையோர் ஒவ்வொரு வினைக்கு முன்னும் ‘யொ’, ‘தூ’ எனத் தன்மை முன்னிலைப் பெயர்களை அடுக்கிப் பேசுவர். ஸ்பானியர் செவிக்கு அது ‘நானே, நானே’ என மார்பு தட்டிக்கொள்வதுபோல ஒலிக்கும். தமிழ் பேசுவோர் தம் தாய்மொழி வழக்கையே பின்பற்றினால் இந்தக் குற்றத்தினின்று தப்பிவிடலாம்.

இடர் யாதெனில், பகுபதத்தைப் பகுத்து உணரும் தமிழ்முறை இங்கே முழுமையாகச் செல்லாது. நடந்தேன், நடக்கின்றேன், நடப்பேன் என்னும் மூன்றிலும் இடைநிலை காலத்தைக் காட்டுகின்றது. ‘ஏன்’ என்னும் விகுதி மாறாமல் நின்று இடத்தைக் காட்டுகின்றது. ஸ்பானிய ‘அமே’ என்பதிலே பகுதியை நீக்கினால் எஞ்சுவது ‘ஏ’ என்னும் ஓருயிர் மாத்திரமே. அந்த ஓருயிரே காலம், இடம், எண் என்னும் மூன்றையும் சுமந்து நிற்கின்றது. அதனை மேலும் பகுக்க இயலாது. இன்னும் கூர்ந்து நோக்கினால், அந்த ஏகாரத்தின் அழுத்தத்தை அகற்றி ‘ஆமெ’ என்று சொன்னால் ‘அன்பு செய்க’ என்னும் பொருள் தந்துவிடும். எனவே ஒலி அன்று, ஒலியின் கனமே இங்கே இடைநிலையின் தொழிலைச் செய்கின்றது எனலாம்.

பால் காட்டும் தொழில் ஸ்பானிய வினைக்கு இல்லை. செய்தான், செய்தாள், செய்தது என்னும் மூன்றுக்கும் ‘அமோ’ ஒன்றே. மரியாதை வேண்டுமிடத்து முன்னிலையைப் படர்க்கையாக்கிப் பேசும் வழக்கம் அம்மொழியில் உண்டு. ‘உஸ்தேத்’ என்னும் மரியாதைச் சொல் ‘தங்கள் அருள்’ என்னும் பொருளுடைய பழைய தொடரொன்றின் சுருக்கமாதலின், அஃது இன்றும் படர்க்கை வினையையே கொண்டு முடிகின்றது. ஆகவே பெரியவர் ஒருவரை நோக்கி ‘அமோ’ என்றால் ‘தாங்கள் அன்பு செய்தீர்கள்’ என்றும் ஆகும். அமெரிக்கக் கண்டத்தின் ஸ்பானிய நாடுகளிலே பன்மை முன்னிலைக்கும் ‘அமாரொன்’ என்பதே வழங்குகின்றது. ‘அமாஸ்தெய்ஸ்’ என்பது ஸ்பெயின் நாட்டாருக்கே உரியதாகிவிட்டது. மெக்சிக்கோவிலோ பெருவிலோ வாழ எண்ணுபவருக்கு ஆறு வடிவங்களில் ஐந்தே போதும்.

இனி, அழுத்தம் விகுதியிலே விழுவானேன் என்னும் வினா எழும். விடை இலத்தீன் மொழியில் இருக்கின்றது. ஸ்பானியத்தின் தாயாகிய இலத்தீனிலே இவ்வினை அமாவீ, அமாவிஸ்தீ, அமாவித், அமாவிமுஸ், அமாவிஸ்திஸ், அமாவேருந்த் எனத் திரிந்தது. நடுவிலே நிற்கும் வகரமே இறந்தகாலக் குறி. ஒருவகையில் அது தமிழ் இடைநிலைபோல இருந்தது எனலாம். ஆனாற் பேச்சு வழக்கிலே அவ்வகரம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. கி.பி. 79 இல் எரிமலைச் சாம்பலிற் புதையுண்ட பொம்பேயி நகரத்துச் சுவரெழுத்துக்களிலேயே ‘ஆவித்’ என முடியவேண்டிய வினை ‘ஆஉத்’ எனச் சுருங்கி வந்துளது. அதே முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியிற் சொற்கலை கற்பித்த குவிந்திலியன் என்னும் பேராசிரியர், பேச்சிலே சுருங்கிப்போன வினைகளை விடாப்பிடியாக முழுவடிவத்திலேயே சொல்லித் திரியும் பண்டிதர்களை எள்ளி எழுதியிருக்கின்றார். அவர் பிறந்த ஊர் கலகுர்ரிஸ். இன்று கலஓர்ரா என வழங்கும் அவ்வூர் ஸ்பெயின் நாட்டிலேயே உளது. பின்னாளில் ஸ்பானியமாக மலரவிருந்த மாற்றத்தை அந்நாட்டு மைந்தர் ஒருவரே அத்துணை முன்னதாக ஏற்றுக்கொண்டமை நினைந்து மகிழத்தக்கது.

வகரம் கெட்டதும் ‘அமாவீ’ என்பது ‘அமாஇ’ ஆயிற்று. ஆகாரமும் இகரமும் புணர்ந்து ஏகாரமாக, ‘அமே’ பிறந்தது. ‘அமாவித்’ என்பது ‘அமாஉத்’ ஆகி, ஆகாரமும் உகரமும் புணர்ந்து ஓகாரமாக, ‘அமோ’ பிறந்தது. இவ்வகை மாற்றம் இலங்கையருக்குப் புதிதன்று. வடமொழியின் ஐகார ஔகாரங்கள் பாளியில் ஏகார ஓகாரங்களாயின; ‘ஔஷத’ என்பது பாளியில் ‘ஓஸத’ ஆயிற்று. இலத்தீனிலே அழுத்தம் பெற்றிருந்த ஆகாரம் தன் அழுத்தத்தைப் புதிய உயிருக்குக் கொடுத்துவிட்டு மறைந்தது. ஆதலின், பற்றுச்சீட்டிலே ஈற்றுயிர் மேல் இடப்படும் சிறு கோடு, மறைந்துபோன வகரத்தின் சமாதிமேல் நாட்டிய கல் என்று சொன்னாலும் பொருந்தும்.

இம்மாற்றத்தின் இடைப்படியைக் காண விரும்புவோர் அயல்மொழியாகிய போர்த்துக்கேயத்தைப் பார்த்தல் வேண்டும். அங்கே ‘அமேய்’, ‘அமோவ்’ என்று ஈருயிரும் எழுத்திலே இன்றும் நிற்கின்றன. இலங்கையின் கரையோரத்தை 1505 தொடக்கம் 1658 வரை தொட்டும் பிடித்தும் ஆண்டவர்கள் பேசிய மொழி அதுவே. மேசை, அலமாரி, சாவி என்பன அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள். இவற்றுள் மேசைக்கு ஸ்பானியரும் ‘மேச’ என்றே சொல்வர். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலின் முடி ஸ்பானிய மன்னர் தலையில் இருந்தமையால், 1619 இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபோது வென்றவர்களின் வேந்தனும் ஸ்பானிய மன்னனாகவே இருந்தான்.

மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் சிலர் வழங்கிவரும் போர்த்துக்கேயக் கிளைமொழியிலே இவ்விறந்தகால விகுதிகள் யாவும் உதிர்ந்துவிட்டன. ‘முன்னரே’ என்னும் பொருளுடைய ‘ஜா’ என்னும் சொல்லே அங்கு வினையின் முன்னே ஒட்டி நின்று இறந்தகாலத்தைக் காட்டுகின்றது. விகுதி போகவே, செய்தவர் யார் என்பதைப் பெயராற் சொல்லவேண்டிய தேவை வந்தது. ஒரு வாசலை அடைத்தால் மொழி இன்னொரு வாசலைத் திறந்துகொள்ளும் என்பதற்கு இதனினும் கிட்டிய சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் மூன்றாம் கூட்டங்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டியது அதிகமில்லை. இறந்தகாலத்திலே அவ்விரண்டும் ஒரே விகுதிகளைப் பெறுகின்றன. தெமீ, தெமீஸ்தெ, தெமியோ, தெமீமொஸ், தெமீஸ்தெய்ஸ், தெமியேரொன். பர்தீ, பர்தீஸ்தெ, பர்தியோ, பர்தீமொஸ், பர்தீஸ்தெய்ஸ், பர்தியேரொன். முதற்கூட்டத்தில் ஆகாரம் நின்ற இடத்தில் இங்கே ஈகாரம் நிற்கின்றது. பன்மைப் படர்க்கையில் மாத்திரம் ‘இயே’ எனச் சிறிது விரிகின்றது. இரு கூட்டங்களை ஒரே வாய்பாட்டிற் படித்துவிடலாம் என்பது மாணாக்கருக்கு மொழி அளித்த சலுகை.

ஆயினும் ஓரிடத்தில் உண்மையான மயக்கம் உண்டு. ‘அமாமொஸ்’ என்பது ‘அன்பு செய்தோம்’ என்பதற்கும் வரும், ‘அன்பு செய்கின்றோம்’ என்பதற்கும் வரும். இங்கே கோடும் உதவாது, அழுத்தமும் உதவாது. இரண்டிலும் அழுத்தம் அதே இடத்தில். மூன்றாம் கூட்டத்துப் ‘பர்தீமொஸ்’ என்பதும் அவ்வாறே இரட்டைப் பொருள் தரும். இரண்டாம் கூட்டத்தில் மாத்திரம் ‘தெமேமொஸ்’ நிகழ்காலமாகவும் ‘தெமீமொஸ்’ இறந்தகாலமாகவும் பிரிந்து நிற்கின்றன. ‘நேற்று’, ‘இப்பொழுது’ என்பன போன்ற சொற்களின் துணைகொண்டே மக்கள் பொருளைத் தெளிகின்றனர்.

இம்மயக்கத்தை நீக்க ஒரு கூட்டத்தார் வழி கண்டனர். அவர்கள் 1492 இல் ஸ்பெயின் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட யூதர்கள். துருக்கிய சுல்தானின் ஆட்சிக்குட்பட்ட சலோனிக்கா, இஸ்தான்புல், இஸ்மீர் முதலிய நகரங்களிற் குடியேறிய அவர்களின் வழித்தோன்றல்கள், முன்னோர் கொண்டுவந்த ஸ்பானியத்தையே நூற்றாண்டுகள் பலவாக வீட்டுமொழியாகப் பேணினர். பேசுதலைக் குறிக்கும் ‘அப்லார்’ என்னும் வினை முதற்கூட்டத்தது. ஸ்பெயின் நாட்டார் ‘அப்லே’ என்பர், பேசினேன் என்பது பொருள். யூத ஸ்பானியத்தில் அது ‘அவ்லீ’ ஆயிற்று; ‘பேசினோம்’ என்பது ‘அவ்லீமொஸ்’ ஆயிற்று. இரண்டாம் மூன்றாம் கூட்டங்களின் ஈகாரத்தை முதற்கூட்டத்துக்கும் இரவல் வாங்கியதனால், பேசுகின்றோம் என்பதும் பேசினோம் என்பதும் இருவேறு சொற்களாகிவிட்டன. இலக்கண ஆசிரியர் எவரும் அவர்களுக்கு இதனைக் கற்பிக்கவில்லை. அவர்கள் வெளியேறிய அதே 1492 இலேயே, ஸ்பானியத்துக்கு முதன்முதலாக அச்சிடப்பட்ட இலக்கண நூலை அந்தோனியோ தே நெப்ரிஹா என்னும் அறிஞர் சலமங்கா நகரில் வெளியிட்டு இசபெல் அரசிக்குக் காணிக்கையாக்கினார். அரசிக்குக் காணிக்கையான மொழியும், அவ்வரசியின் ஆணையால் நாடிழந்தோர் நாவில் நின்ற மொழியும் ஒன்றே என்பது வரலாற்றிலே காணும் கொடிய முரண்.

சலோனிக்கா நகரத்து யூதருள் 40,000க்கு மேற்பட்டோர் 1943 இல் நாசிப் படையினராற் புகையிரதங்களில் ஏற்றப்பட்டு ஔஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டனர். மிகச் சிலரே மீண்டனர். ‘அவ்லீமொஸ்’ என்று சொல்லும் வீடுகள் ஒரு நகரத்திலே ஒரே ஆண்டில் ஏறத்தாழ இல்லாதொழிந்தன. இன்று அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் உலகெங்கணும் சிலரே. அவருள்ளும் முதியோரே மிகுதி.

ஸ்பானிய நாடுகளின் பாடசாலைகளிலே ஆசிரியர்கள் அன்றாடம் திருத்தும் பிழை ஒன்று உண்டு. ‘அமாஸ்தெ’ என்று சொல்லவேண்டிய இடத்திற் பிள்ளைகளும் எழுத்தறிவு குறைந்த மக்களும் ‘அமாஸ்தெஸ்’ என ஈற்றிலே ஒரு ஸகரத்தைக் கூட்டிச் சொல்வர். கற்றோர் அவையில் இது பாமரத்தனத்தின் அடையாளமாகவே கொள்ளப்படுகின்றது. இவ்வொரு ஸகரத்தைக் கேட்ட மாத்திரத்திலே பேசுபவரின் குடும்பத்தையும் குலத்தையும் எடைபோட்டுவிடுவோர் அந்நாடுகளிற் பலர்.

ஆனால் அப்பிள்ளையின் நியாயத்தைச் சிறிது கேட்டல் வேண்டும். ‘நீ’ என்னும் முன்னிலை ஒருமைக்கு நிகழ்காலத்தில் ‘ஆமஸ்’, தொடர் இறந்தகாலத்தில் ‘அமாபஸ்’, எதிர்காலத்தில் ‘அமராஸ்’, ‘செய்வாய்’ எனும் நிபந்தனைப் பொருளில் ‘அமரீஅஸ்’. ஏவலை விலக்கினால் எங்கு நோக்கினும் ஈற்றிலே ஸகரம். இவ்வொரு காலத்தில் மாத்திரம் அது காணப்படவில்லை. விதியை ஆராய்ந்து உணர்ந்த மனமே அதனை இங்கும் கூட்டுகின்றது, அறியாமையாற் கூட்டுவதன்று. தமிழ்க் குழந்தை ‘கொடுத்தான், படித்தான்’ என்பவற்றைப் பார்த்து ‘விழுத்தான்’ என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

இன்னும் ஒன்று உண்டு. நெப்ரிஹாவின் காலத்திலே பன்மை முன்னிலைக்குரிய வடிவம் ‘அமாஸ்தெய்ஸ்’ அன்று, ‘அமாஸ்தெஸ்’ என்பதே. 1605 இல் வெளிவந்த ‘தொன் கிகோத்தே’ என்னும் பெருநூலிலும் செர்வாந்தேஸ் இவ்வகை வடிவங்களையே வழங்கினார். 17-ஆம் நூற்றாண்டிலே, பன்மை முன்னிலையின் ஏனைய வடிவங்கள் ‘அமாய்ஸ்’, ‘அமரேய்ஸ்’ என யகர ஸகரத்தில் முடிதலைப் பார்த்து, இதுவும் ‘அமாஸ்தெய்ஸ்’ என மாறியது. அதாவது, கற்றோர் ஒப்புமையாற் கூட்டிய ஓர் ஒலி இலக்கணமாயிற்று. அதே ஒப்புமையாற் பிள்ளை கூட்டும் ஓர் ஒலி பிழையாக நிற்கின்றது. போர்த்துக்கேயமோ தன் பழைய ‘அமாஸ்தெஸ்’ வடிவத்தைப் பன்மைக்கு இன்றும் மாற்றாமல் வைத்திருக்கின்றது. இதனை அறிந்த ஆசிரியர், ‘அமாஸ்தெ’ என எழுதும்படி பிள்ளைக்குக் கற்பிக்கத்தான் வேண்டும். தேர்வுத்தாளும் தொழிலகமும் அதனையே எதிர்பார்க்கும். ஆனாற் பிள்ளையை மூடன் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. வகுப்பிலே தலைகுனிந்த பிள்ளை பின்னர் வாய்திறப்பது அரிது. அந்த இழப்பு ஒரு ஸகரத்தினும் பெரியது.

வடிவத்தினின்று பொருளுக்கு வருமிடத்து, ஸ்பானியம் இறந்தகாலத்தை இரு வழிகளில் நோக்குவதைக் காணலாம். தொடங்கி முடிந்த ஒரு செயலாக நோக்கினால் ‘அமோ’. தொடக்கமும் முடிவும் கருதாது, நடந்துகொண்டிருந்த நிலையாகவோ வழக்கமாகவோ நோக்கினால் ‘அமாப’. செர்வாந்தேஸின் வாழ்க்கையை ஒருவர் கூறுமிடத்து, 1547 இற் பிறந்தார், 1571 இல் லெப்பாந்தோ கடற்போரிற் பொருதார், 1575 இற் கடற்கொள்ளையர் கையிற் சிக்கினார், 1616 இல் மறைந்தார் என்னும் வினைகளெல்லாம் முதல்வகை. அல்ஜியேர்ஸ் நகரச் சிறையிலே நாள்தோறும் விடுதலையை எண்ணிக்கொண்டிருந்தார் என்றால் இரண்டாவது வகை. ஆனால் ‘ஐந்தாண்டு சிறையிருந்தார்’ என்று தொகுத்துச் சொன்னால் மீண்டும் முதல்வகையே வேண்டும். காலம் நீண்டதா குறுகியதா என்பது கேள்வியன்று. அதற்கு எல்லை கட்டப்பட்டதா என்பதே கேள்வி. நீண்ட செயலுக்கு இரண்டாவது வகை, குறுகிய செயலுக்கு முதல்வகை என்று சில கைநூல்கள் கற்பிப்பது பெருந்தவறு.

சில வினைகளிலே இந்த எல்லை கட்டும் வேலை பொருளையே மாற்றிவிடும். ஒருவரை அறிதலைக் குறிக்கும் வினை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘கொனொஸீஅ’ என்றால் ‘அவரை அறிந்திருந்தேன்’. ‘கொனொஸீ’ என்றால் ‘அவரை முதன்முதலாகச் சந்தித்து அறிமுகமானேன்’. அறிவுக்கு எல்லை கட்டினால் அது தொடங்கிய கணமே எஞ்சுகின்றது. சாட்சிக் கூண்டில் நிற்கும் ஒருவர், குற்றஞ்சாட்டப்பட்டவரை அன்றைய இரவில் முன்னரே அறிந்திருந்தாரா, அன்றுதான் அறிந்தாரா என்பது ஈற்றிலே நிற்கும் ஓர் அகரத்தாற் புலப்பட்டுவிடும்.

இவ்விறந்தகாலத்துக்குப் பெயர் சூட்டுவதிலும் ஒற்றுமை இருக்கவில்லை. கராக்காஸ் நகரிற் பிறந்து சிலி நாட்டில் வாழ்ந்த அந்திரேஸ் பெயோ என்னும் பேரறிஞர், அமெரிக்க மக்களுக்கென 1847 இல் வெளியிட்ட இலக்கணத்தில் இதனைச் சுருக்கமாக ‘இறந்தது’ என்னும் பொருள்படப் ‘பிரெத்தேரித்தொ’ என்றே அழைத்தார். 1713 இல் மாட்ரிட்டில் நிறுவப்பட்ட அரச கழகத்தின் நூல்களோ வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நீண்ட பெயர்களை வழங்கின. சிலியர் சூட்டிய பெயரே எளிமையிற் சிறந்தது.

வழக்கிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உளது. காலையில் உண்டதைப் பற்றி நண்பகலிற் பேசும் மாட்ரிட் நகரத்தார், ‘உண்டிருக்கின்றேன்’ என்பதை ஒத்த கூட்டுவினையாகிய ‘எ கொமீதொ’ என்பதையே வழங்குவர். அன்றைய நாள் அவர்கள் கணக்கில் இன்னும் முடியவில்லை. மெக்சிக்கோ நகரத்தாரும், புவனோஸ் அயர்ஸ் நகரத்தாரும், ஸ்பெயினிலேயே கலீசியா, அஸ்தூரியாஸ், கனாரித் தீவுகள் என்னும் பகுதியினரும் ‘கொமீ’, உண்டேன், என்று எளிதாகச் சொல்லி முடிப்பர். எவர் வழக்குச் சரியானது என்று கேட்பது வீண். இருவர் வழக்கும் சரியே.

எழுதுமிடத்துச் சில ஒழுங்கான வினைகள் ஒழுங்கற்றவைபோலத் தோற்றும். தேடுதலைக் குறிக்கும் ‘புஸ்கார்’ என்பது ‘புஸ்கே’, தேடினேன், என்றாகுமிடத்து உரோம எழுத்திலே ககரத்துக்குரிய குறி மாறிவிடும். பழைய குறியை அங்கே வைத்தால் அது ஸகர ஒலியாகிவிடும் என்பதே காரணம். தமிழெழுத்தில் எழுதினால் மாற்றமே இல்லை. வானொலியிற் கேட்போருக்கு அஃது ஒரு சிக்கலே அன்று. எழுதுவோருக்கே அது தலையிடி.

உண்மையிலேயே ஒழுங்கு பிறழ்ந்த வினைகள் வேறு. அவை அதிகமில்லாவிடினும் அன்றாடப் பேச்சில் அடிக்கடி வருவன. சொல்லுதல், செய்தல், வருதல், வைத்தல் என்பவை இறந்தகாலத்திற் பகுதியையே மாற்றிக்கொள்வதோடு, தன்மை ஒருமையிலும் படர்க்கை ஒருமையிலும் அழுத்தத்தைப் பகுதிக்கே கொடுத்துவிடுகின்றன. இவற்றுள் வியப்புக்குரியவை இரண்டு. ‘இருத்தல்’ என்பதும் ‘போதல்’ என்பதும் ஸ்பானியத்தில் இறந்தகாலம் எய்தியதும் ஒரே வடிவமாகிவிடுகின்றன. ‘புயீ’ என்றாற் போனேன் என்றும் பொருள், இருந்தேன் என்றும் பொருள். ஊர்ப் பெயர் அடுத்து வந்தாற் போனேன். தொழிற் பெயர் அடுத்து வந்தால் இருந்தேன். ‘நான் சேவியாவுக்குப் புயீ, அங்கே ஆசிரியனாகப் புயீ’ என்று ஒருவர் சொன்னாற் கேட்கும் ஸ்பானியர் எவரும் புருவத்தை நெரிப்பதில்லை.